மூன்று கண்டிஷன் அதிகமா?

வாசகர் கேள்வி – பதில்

பாலக்காட்டு எல்லையிலிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வலியைப் பேசுகின்றன: கல்யாணப் பேச்சிலும் காதலிலும் நிறம் பார்ப்பது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர்களை நானே எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கட்டும்.

அக்கா, வணக்கம். எனக்கு 31 வயது. கோயம்புத்தூரில் ஒரு அமெரிக்க கம்பெனிக்குக் கணக்கு பார்க்கும் ஆபீஸில் ராத்திரி ஷிஃப்ட். நான் கருப்பு. மாநிறம் என்று சுற்றி வளைக்க வேண்டாம், நல்ல கருப்பு. 26 வயதிலிருந்து வீட்டில் வரன் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தும், போட்டோ போகும், அப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. ஒரு தரகர் அப்பாவின் முகத்துக்கு நேராகவே, "கலர் கம்மிங்க, பத்துப் பவுன் கூடப் போட்டீங்கன்னா பேசிப் பார்க்கலாம்" என்றார். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று டேட்டிங் ஆப்பில் சேர்ந்தேன். ஒருவரோடு நாலு மாதம் நன்றாகத்தான் போனது. ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் என்னை பஸ் ஏற்றிவிடுவார், மணிக்கணக்கில் போனில் பேசுவார். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை. சேர்ந்து ஒரு போட்டோ எடுத்ததில்லை. ஒருநாள் பேச்சு நின்றது. மூன்று வாரம் கழித்து, "நீ நல்ல பொண்ணு, வீட்ல கலர் பாக்கறாங்க" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு நான் மூன்றே மூன்று கண்டிஷன் வைத்திருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் பகல் வெளிச்சத்தில், நாலு பேர் இருக்கிற இடத்தில் சந்திக்க வேண்டும். வேண்டாம் என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், காணாமல் போகக் கூடாது. ஆறு மாதத்துக்குள் அவர் வீட்டில் ஒருவருக்காவது என்னைப் பற்றித் தெரிய வேண்டும். இதைக் கேட்டுவிட்டு என் சித்தி, "உன் கலருக்கு இவ்வளவு எதிர்பார்த்தா எப்படி சாமி, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்கிறார். எங்கள் கம்பெனியின் அட்லாண்டா ஆபீஸில் கருப்பினத் தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "என்னிடம் பழகியவன் என் வீட்டுக்கு வருவான், அவன் அம்மாவிடம் மட்டும் என்னை அழைத்துப் போக மாட்டான். நான் அதைக் கேட்டால் உனக்கு எதிர்பார்ப்பு அதிகம் என்பார்கள்" என்றாள். உலகம் முழுக்க இப்படித்தானா? என் கண்டிஷன் அதிகமா?
– கொழிஞ்சாம்பாறை

அதிகம் இல்லை, தங்கச்சி. இன்னும் கேட்டால் குறைவு. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதிலுக்காக நீங்கள் கடைசி வரி வரை காத்திருக்க வேண்டாம்.

"நீயாக நினைத்துக்கொள்கிறாய், கலரெல்லாம் இப்போது யாரும் பார்ப்பதில்லை" என்று உங்களிடம் நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். அது பொய். உங்கள் தோழிக்கும் அங்கே அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஓகேக்யூபிட் என்ற அமெரிக்க டேட்டிங் தளம் 2009-ஆம் ஆண்டு தன்னிடம் இருந்த மெசேஜ் கணக்கை வெளியிட்டது, யார் யாருக்கு எழுதுகிறார்கள், யாருக்குப் பதில் வருகிறது என்று. கருப்பினப் பெண்கள்தான் தங்களுக்கு வரும் மெசேஜுக்கு அதிகமாகப் பதில் போட்டார்கள். அவர்கள் எழுதினால் அவர்களுக்குத்தான் மிகக் குறைவாகப் பதில் வந்தது. 2014-இல் மறுபடி பார்த்தார்கள், நிலைமை மாறவில்லை. அதை நான் முதலில் படித்தபோது ரொம்ப நேரம் மனசு கனமாக இருந்தது. அன்பாகப் பதில் எழுதும் ஒருத்தி, பதிலே வராத பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறாள். நீங்கள் எழுதிய "அந்தப் பக்கம் சத்தமே இருக்காது" என்பதும் அதேதான், அங்கே ஆப், இங்கே தரகர் பை.

இரண்டாவது விஷயம் கணக்கு. அங்கே ஏன் பெண்களைப் பார்த்து "குறைத்துக்கொள்" என்று சொல்ல முடிகிறது என்றால், ஆட்கள் குறைவு. 2015-இல் நியூயார்க் டைம்ஸ் போட்ட கணக்குப்படி, 25 முதல் 54 வயதுக்குள் சிறைக்கு வெளியே இருக்கும் கருப்பினப் பெண்கள் 100 பேர் என்றால் ஆண்கள் 83 பேர்தான். மீதிப் பேர் சிறையில், அல்லது சீக்கிரம் செத்துப்போனார்கள். வெள்ளையரில் அது 100-க்கு 99. அதோடு, 2015-இல் புதிதாகத் திருமணம் செய்த கருப்பின ஆண்களில் 24 சதவீதம் பேர் வேற்று இனத்தில் கட்டினார்கள், பெண்களில் 12 சதவீதம் பேர்தான். இது பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் கணக்கு. பட்டம் வாங்குவதில் கருப்பினப் பெண்கள் அவர்கள் இன ஆண்களை விட எவ்வளவோ முன்னால் இருக்கிறார்கள், ஆக படித்துச் சம்பாதிக்கும் ஒருத்தி தனக்குச் சமமாக ஒருவனைத் தேடினால் கூட்டம் இன்னும் சுருங்குகிறது. ஆட்கள் குறைவாக இருக்கும் இடத்தில், இருக்கிற ஆண் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டிய கட்டாயம் குறைந்துபோகிறது. இவள் இல்லையென்றால் இன்னொருத்தி என்று அவனுக்குத் தெரியும். எதிர்பார்ப்பு அதிகம் என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது, அவள் கேட்பதில் தப்பு இருப்பதால் இல்லை.

சரி, இதை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். இங்கே ஆண்கள் குறைவா? 2011 சென்சஸில் தமிழ்நாட்டில் 1000 ஆண்களுக்கு 996 பெண்கள். உங்கள் பக்கத்திலேயே பாருங்கள், கொங்கு நாட்டு விவசாயக் குடும்பங்களில் பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று எத்தனை பேர் பாலக்காட்டுக்குள் தரகர்களை அனுப்பிப் பெண் தேடிக் கட்டி வந்தார்கள். 40 வயதுக்கு வந்தும் பெண் கிடைக்காத பையன்கள் இன்றைக்கும் எத்தனை ஊரில் இருக்கிறார்கள். பெண் தேடி எல்லையைத் தாண்டுகிறவர்கள் கொழிஞ்சாம்பாறையில் உங்கள் வீட்டையும் தாண்டிப் போகிறார்கள். ஆக, இங்கே இருப்பது ஆள் பஞ்சம் இல்லை. சாதி, ஜாதகம், நிறம் என்று வடிகட்டி வடிகட்டி நாமே உண்டாக்கிக்கொண்ட பஞ்சம். அதற்கான விலையைக் கடைசியில் நீங்கள் தர வேண்டும் என்கிறார் சித்தி. அவர் உங்கள் மேல் அன்பில்லாமல் சொல்லவில்லை, தெரியும். பத்துப் பவுன் பேச்சை அவரும் கேட்டிருக்கிறார், பயந்துவிட்டார். ஆனால் அந்தத் தரகர் கேட்ட பத்துப் பவுனும், சித்தி கேட்கிற அனுசரிப்பும் ஒரே கணக்குதான். நிறத்துக்கு அபராதம். ஒன்று நகையாக, இன்னொன்று மரியாதையாக.

இப்போது உங்கள் மூன்று கண்டிஷன். அவற்றில் சம்பளம் இல்லை, உயரம் இல்லை, சொந்த வீடு இல்லை. மூன்றுமே அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பற்றியவை, மூன்றுக்கும் அவருக்குப் பைசா செலவு இல்லை. ஒரு மனிதனிடம் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிய பட்டியல் வேறு, அவன் என்ன செய்கிறான் என்பதைப் பற்றிய பட்டியல் வேறு. முதல் பட்டியல் உங்கள் மனசுக்குள் எழுதப்படாமல் எங்காவது இருந்தால், இன்ன ஊர், இன்ன வேலை, நம்ம ஆட்கள்தான் என்று, அதை ஒருநாள் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். அதில் தளர்த்தலாம். தளர்த்தினால் நல்லவர்கள் சிலர் கண்ணுக்குத் தெரிவார்கள். "நம்ம ஆட்கள்தான்" என்பதில் முதலில் தளர்த்துங்கள் என்று நானே சொல்வேன். இரண்டாவது பட்டியலில் ஒரு வரியைக்கூட எடுக்காதீர்கள்.

அந்த நாலு மாதத்தைப் பற்றி. விடியற்காலையில் பஸ் ஏற்றிவிட்டதை அக்கறை என்று எடுத்துக்கொண்டீர்கள், அதில் கொஞ்சம் அக்கறையும் இருந்திருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது யாரும் பார்க்காத நேரம். போட்டோ இல்லை, ஊர் இல்லை, நண்பன் ஒருவன் கூட இல்லை. உங்கள் தோழி சொன்னதும் இதுவேதான், அவள் வீட்டுக்குள் வருகிறவன் அவளை வெளியே கொண்டுவரவில்லை. கூட இருப்பது இனிக்கிறது, கூட இருப்பதை மற்றவர் பார்ப்பது கூசுகிறது. இப்படி ஒருவன் நடந்துகொண்டால் அது கடைசி மாதத்தில் அம்மா சொன்னதால் வந்த முடிவு இல்லை, முதல் மாதமே எடுத்த முடிவு, உங்களிடம் சொன்னதுதான் கடைசி மாதம். "வீட்ல பாக்கறாங்க" என்று எழுதிவிட்டால் தன் கை சுத்தம் என்று நினைக்கிறார்கள். அவர் வீட்டில் ஒரே ஒரு தடவை உங்கள் பெயரைச் சொல்லி, அவர்கள் மறுத்து, இவர் சண்டை போட்டுத் தோற்றிருந்தால் அது வேறு. பெயரே சொல்லாத இடத்தில் வீட்டின் மேல் எப்படிப் பழி?

அடுத்த முறை நாலு மாதம் காத்திருக்க வேண்டாம். நாலாவது வாரத்தில் சாதாரணமாகவே கேளுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை சித்தூர்ல என் ஃப்ரெண்ட் வீட்டு வளைகாப்பு, அரை மணி நேரம் வந்துட்டுப் போங்களேன்." வருகிறாரா இல்லையா என்பதை விட, அந்த அழைப்பைக் கேட்டதும் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். வேலை இருந்தால் வேறு நாள் அவராகவே சொல்வார். அவராக வேறு நாள் சொல்லாதவரை இரண்டாவது தடவை அழைக்காதீர்கள்.

கண்டிப்பாகக் கிடைப்பான் என்று நான் எழுதிவிட்டுப் போகலாம். எழுத மாட்டேன், எனக்குத் தெரியாததை உங்களிடம் சொல்லக் கூடாது. அமெரிக்காவில் கருப்பினப் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கல்யாணமே ஆகாதவர்கள், இளவயதுப் பெண்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அதில் எத்தனையோ பேர் வீடு வாங்கி, அக்கா தங்கை பிள்ளைகளை வளர்த்து, தேவாலயத்தையும் தெருவையும் தாங்கிப் பிடித்து வாழ்கிறார்கள். அதற்காக "துணை எனக்கு எதற்கு" என்று நீங்கள் வீம்புக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. துணை வேண்டும் என்று ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆசையை வைத்துக்கொண்டே மரியாதையை விடாமல் இருப்பது கஷ்டம்தான், நீங்கள் அதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். அப்பாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், அந்தத் தரகரை இனி வீட்டுப்படி ஏற்ற வேண்டாம் என்று.

எனக்கு 29 வயது, ஆண். கலராக இருக்கும் பெண்ணைத்தான் எனக்குப் பிடிக்கும். இது என் தனிப்பட்ட விருப்பம். இதைச் சொன்னால் கூட வேலை பார்க்கும் பெண்கள் என்னைத் தப்பானவன் மாதிரிப் பார்க்கிறார்கள். பிடித்ததைச் சொல்வது குற்றமா?
– வேலந்தாவளம்

குற்றம் இல்லை தம்பி, யாரையும் கட்டாயப்படுத்திப் பிடிக்கவைக்க முடியாது. ஆனால் தனிப்பட்டது என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. வேலந்தாவளத்தில் பத்துப் பையன்களைக் கேட்டால் ஒன்பது பேருக்கும் இதே தனிப்பட்ட விருப்பம் இருக்கும். அத்தனை பேருக்கும் தனித்தனியாக, தற்செயலாக, ஒரே விருப்பம் வருமா?

மேலே சொன்ன ஓகேக்யூபிட் கணக்கில் இன்னொரு விஷயம் இருந்தது. அந்த ஐந்து வருடத்தில், இனம் பார்ப்பது தப்பு என்று கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், மெசேஜ் அனுப்பும் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அதாவது மனசு நினைப்பது ஒன்று, விரல் போகிற இடம் வேறு. விரலை யார் பழக்கினார்கள்? 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது, 2020-இல்தான் பெயரிலிருந்து ஃபேர் போனது. 45 வருட விளம்பரத்தில் கருப்பாக இருந்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, வெளுத்ததும் இரண்டும் வரும். நீங்களும் நானும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். அதற்கும் முன்னாலேயே நம் வீட்டில் குழந்தை பிறந்ததும் என்ன குழந்தை என்பதற்கு அடுத்த கேள்வி என்ன கலர் என்பதுதான்.

நான் உங்களைக் கேட்பது சின்ன விஷயம். ஆப்பில் ஒரு பெண்ணின் போட்டோ வந்தால், வேண்டாம் என்று தள்ளுவதற்கு முன் அவள் எழுதியிருப்பதை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். ஒரு மாதம் மட்டும். பிடிக்காவிட்டால் தள்ளிவிடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. இன்னொன்று, பழகிவிட்டுக் கடைசியில் "வீட்டில் கலர் பார்க்கிறார்கள்" என்று ஒருத்திக்கும் எழுதாதீர்கள். அதற்கு, பழகாமலே இருப்பது மேல்.

மகளுக்கு 24 வயது. வரன் தேடுகிறோம். தெரிந்தவர் ஒரு கிரீம் தருகிறார், லேபிள் எதுவும் இல்லை, ஆனால் இரண்டு வாரத்தில் நல்ல வித்தியாசம் தெரிகிறது. மகள் போட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள், முகம் எரிகிறதாம். அவளுடைய நல்லதுக்குத்தானே சொல்கிறேன்?
– மீனாட்சிபுரம்

அம்மா, அந்த டப்பாவை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பக்கத்து மலப்புரம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் சிறுநீரக வடிகட்டி பாதிக்கப்பட்டு 22 பேர் வந்தார்கள், உடம்பு வீக்கம், சிறுநீரில் நுரை. அதில் 15 பேருக்கு ஒரே மாதிரியான, அபூர்வமான வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் போட்டதாக ஒத்துக்கொண்டார்கள். காரணம் பாதரசம். தோலில் நிறம் உண்டாவதை அது தடுக்கும், அதனால்தான் இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிகிறது, அதே பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கி சிறுநீரகத்தில் போய் நிற்கும். கேரள அரசு 2023-இல் ஆபரேஷன் சௌந்தர்யா என்று கடை கடையாக ஏறி இந்த மாதிரிச் சரக்குகளைப் பிடித்தது. லேபிள் இல்லாத கிரீமில் ஸ்டீராய்டும் இருக்கலாம். அது தோலை மெலிதாக்கும், விட்டதும் முகம் சிவந்து பொங்கும். இதுவரை கொஞ்சமாவது போட்டிருந்தால், எரிச்சல் என்கிறாளே, ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் அம்மாவும் பவுடர் டப்பாவோடுதான் நின்றார். அக்கா அதைப் பூசிக்கொண்டாள், வந்தவர்கள் போன பிறகு கொல்லைப்புறத்தில் நின்று ரொம்ப நேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு அம்மா இல்லை. அக்கா அந்த நாளை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

உங்கள் கேரள மாநிலத்தில் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கணவரும் அதே நாற்காலியில் இருந்தவர், அவர் நிறம் வேறு, இவர் நிறம் வேறு என்று ஒப்பிட்டு ஒருவர் பேசியதும் 2025 மார்ச்சில் ஃபேஸ்புக்கில் மனம் திறந்து எழுதினார். நாலு வயதில் தன் அம்மாவிடம், என்னைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாகப் பெற்றுத் தர முடியுமா என்று கேட்டாராம். மாநிலத்தின் மிகப் பெரிய அதிகாரி ஆன பிறகும் நாலு வயதுக் கேள்வி உள்ளே இருந்திருக்கிறது பாருங்கள். உங்கள் மகள் "போட மாட்டேன்" என்கிறாளே, அவளுக்குள் அந்தக் கேள்வி இல்லை என்று அர்த்தம். அதை நீங்கள் உண்டாக்கிவிட வேண்டாம், அம்மா.

ஆப்பில் திருச்சூர்ப் பையன் ஒருவன், "எனக்கு டஸ்கி பொண்ணுங்கன்னா உயிர்" என்று முதல் மெசேஜிலேயே எழுதுகிறான். "கறுப்பினு ஏழழகு" என்று மலையாளத்தில் பழமொழி வேறு. சந்தோஷப்படுவதா, ஓடுவதா? வயது 34.
– வாளையார்

சந்தோஷப்படுவதற்கு முன் ஒன்று பார்த்துவிடுங்கள். உங்கள் ப்ரொஃபைலில் நிறத்தைத் தவிர வேறு எதைப் பற்றியாவது அவன் கேட்டானா? பழமொழி நல்ல பழமொழிதான், நானும் பாலக்காட்டுப் பாட்டிகள் வாயில் கேட்டிருக்கிறேன், கருப்புக்கு ஏழு அழகு என்று. ஆனால் வெளுத்த பெண்ணிடம் யாரும் ஆறுதலாக ஒரு பழமொழி சொல்வதில்லை. அமெரிக்காவில் கருப்பினப் பெண்கள் டேட்டிங்கில் ரொம்பச் சலித்துக்கொள்வது இதைப் பற்றித்தான், ஒருவன் நிறத்தைப் பார்த்துத் தள்ளுவான், அடுத்தவன் நிறத்தைப் பார்த்தே விழுவான், இரண்டு பேரும் அவள் யார் என்று பார்க்கவில்லை. பேச்சை உங்கள் வேலைக்கோ அவன் வீட்டுக்கோ திருப்பிப் பாருங்கள். கூடவே வந்தால் பேசலாம். மறுபடி மறுபடி உடம்புக்கே வந்து நின்றால் பிளாக் பண்ணிவிடுங்கள், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஸ்டாகிராமில் அமெரிக்கக் கருப்பினப் பெண்கள் பேசும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு என் தோழிகள் "நாமும் பிளாக் கேர்ள்ஸ்தான்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. ஒப்பிடலாமா?
– சித்தூர், கல்லூரி மாணவி

உங்களுக்குத் தோன்றியது சரி. வலி ஒரே மாதிரி இருக்கலாம், வந்த வழி வேறு. அவர்களுடைய பாட்டிகளின் பாட்டிகளை அடிமைகளாக விற்றார்கள், வாங்கினார்கள். 1967-இல் லவிங் என்ற தம்பதியின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை, கருப்பினத்தவரும் வெள்ளையரும் கல்யாணம் செய்துகொள்வது பல மாநிலங்களில் சட்டப்படிக் குற்றம். அந்த வழக்கைப் போட்ட வர்ஜீனியாத் தம்பதியை இரவில் படுக்கையறைக்குள் புகுந்து கைது செய்தார்கள். யாரை விரும்பலாம் என்பதை அரசாங்கமே தீர்மானித்த நாடு அது. நம்மிடம் அந்தச் சட்டம் இருந்ததில்லை.

நம்மிடம் இருந்தது, இருப்பது, சாதி. நம் ஊரில் "கருப்பு" என்று ஒருத்தியை ஒதுக்கும்போது பாதி நேரம் நிறத்தை மட்டும் சொல்வதில்லை, வெயிலில் வேலை செய்கிறவர்கள், இன்ன தெரு, இன்ன ஆட்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அமெரிக்க வீடியோவைப் பகிரும்போது அந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு பாதிதான். அதோடு, நம் நாட்டுக்குப் படிக்க வந்த ஆப்பிரிக்க மாணவர்களை 2017-இல் டெல்லி பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் கூட்டமாக அடித்தார்கள். கோயம்புத்தூரிலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து படிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் தோழிகள் அவர்களில் ஒருத்தியிடம் போய் அதே வரியைச் சொல்லிப் பார்க்கட்டும், பஸ்ஸில் நம் ஆட்கள் அவளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் கேட்டு வரட்டும்.

ஆனால் கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்லலாம், அது உண்மை. 2020 மே மாதம் அமெரிக்காவின் மின்னியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கருப்பினத்தவர் போலீஸ் கையில் செத்த பிறகு அங்கே தெருவில் இறங்கியவர்களால்தான் இங்கே நம்மவர்களும் கண்ணாடி பார்த்தார்கள். அந்த ஜூனில் டல்லாஸில் இருக்கும் ஒரு இந்திய வம்சாவளிப் பெண் மனு எழுதினார், ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது, வரன் தேடித் தரும் ஷாதி டாட் காம் தன் தளத்தில் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. ஃபேர் அண்ட் லவ்லி பெயர் மாறியதும் அதே மாதம் அறிவித்ததுதான். நம் அம்மாக்களும் அத்தைகளும் இத்தனை வருடம் பொறுத்துப் போனதை, எங்கோ இருக்கிற கருப்பின மக்களின் போராட்டம் சில வாரங்களில் அசைத்தது. "நாமும் அவர்கள்தான்" என்பதற்குப் பதில் இதை எழுதச் சொல்லுங்கள்.

முதல் முறையாக ஆப்பில் பழகியவரை நேரில் பார்க்கப் போகிறேன். எங்கே பார்ப்பது, பில்லை யார் கொடுப்பது? அவர் பாலக்காடு, மலையாளி. வயது 27.
– வண்டித்தாவளம்

பாலக்காடு கோட்டைப் பக்கம் போங்கள். டவுனுக்கு நடுவில் இருக்கிறது, பகலில் எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு, உட்காரப் பூங்கா இருக்கிறது, போர் அடித்தால் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடித்துவிடலாம். மலம்புழா வேண்டாம், முதல் சந்திப்புக்கு அது தூரம், அவர் வண்டியில் திரும்ப வேண்டி வரலாம். காலையில் பதினோரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பில் விஷயத்தில் முதல் தடவை உங்கள் பங்கை நீங்கள் கொடுத்துவிடுங்கள், பிறகு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். அவர் பிடிவாதமாகக் கொடுத்தால் கொடுக்கட்டும், அதற்காக நீங்கள் கூடுதலாக அரை மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. மேக்கப்பும் ஃபில்டரும் இல்லாத ஒரு போட்டோவை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள், அப்போதே முகம் சுளித்தால் பஸ் காசு மிச்சம். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் ஒரு தோழியிடமாவது அவர் பெயர், நம்பர், இடம், நேரம் எல்லாம் சொல்லிவிட்டுப் போங்கள். நாலு மணிக்குள் அவளுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.